சர்க்கரைக்கு நல்லது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சமூக அக்கறையில் பிறக்கவில்லை, நாக்கு ருசியில் பிறந்தது. ஜமுனாமரத்தூரில் வேலூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு பாக்கெட் சாமை அதிரசம் வாங்கினேன். ஒன்று தின்றுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோவதாகத்தான் எண்ணம். பஸ் கிளம்பியதும் லேபிளைப் படித்துத் தொலைத்தேன். நார்ச்சத்து நிறைந்தது. எண்ணெய் நீக்கப்பட்டது. வெள்ளைச் சர்க்கரை அறவே இல்லை. மலை மக்களின் ஆரோக்கிய ரகசியம். இவ்வளவு நல்ல பொருளை ஒன்றோடு நிறுத்தினால் உடம்புக்கு நான் செய்கிற துரோகம் அல்லவா? மலைப்பாதை இறங்கி முடிவதற்குள் பாக்கெட் காலி. வயிறு கல்லாகக் கனத்தது. மனசு மட்டும் காலையில் எழுந்து ஓட்டம் ஓடியவன் மனசுபோல நிமிர்ந்திருந்தது.

அதே வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து போன். "நலவாழ்வுச் சிறப்பிதழ் போடுறோம் சார். ஒரு கதை வேணும். படிக்கிறவங்களுக்கு நல்லது செய்யற மாதிரி இருக்கணும்."

எனக்கு எழுத வருவது வம்பு. அடுத்த வீட்டில் என்ன சத்தம் என்று காதை நீட்டி, கேட்டதை வெல்லப்பாகில் பிசைந்து, எண்ணெயில் போட்டு எடுப்பதுதான் என் தொழில். அதில் கொஞ்சம் சாமையைக் கலந்துவிட்டால் சிறப்பிதழுக்கு ஆயிற்று. சரி என்று சொல்லிவிட்டேன்.

(இந்தப் பகுதி முழுவதையும் பாக்கெட்டின் பின்பக்கம், ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற பொடி எழுத்தில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படித்தீர்களா என்று நான் கேட்கமாட்டேன். யாரும் படிப்பதில்லை.)

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் தவழும் ஜவ்வாது மலையின் மடியில், கள்ளங்கபடம் அறியாத மக்கள் வாழும் ஒரு சிற்றூரில்—"

அடித்துவிட்டேன். இது கதையின் வரி இல்லை, பாக்கெட்டின் வரி. தவிர, கள்ளங்கபடம் அறியாத மக்கள் என்று எழுதிவிட்டு கதையின் மாமனார் மாதையனை எப்படி உள்ளே கொண்டுவருவேன்? அவர் முகத்தைப் பார்த்தாலே வாசகருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "அன்பரசி அடுப்பை ஊதினாள். அவள் கண்களில் நீர் திரண்டது. அது புகையாலா, இல்லை—"

அன்பரசியிடம் கேஸ் அடுப்பு இருக்கிறது. பெரிய அடுப்பு. இதையும் அடித்தேன்.

மூன்றாவது நின்றுவிட்டது. அது இப்படி:

3

மாமனார் அதிரசம் திருடித் தின்றதை அன்பரசி கையும் களவுமாகப் பிடித்தது ஒரு சந்தை நாள் காலையில்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கணவன் மோகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் அன்பரசியும் அவளுடைய குழுப் பெண்களும் சாமையை ஊறவைத்து, காயவைத்து, அரைத்து, பாகு காய்ச்சி அதிரசம் சுட்டார்கள். கண்ணமங்கலத்து கோகுலகிருஷ்ணன் அதை வாங்கிப்போய் 'காட்டுப்பசி' என்று பெயர் வைத்து ஊர் ஊராக விற்றான். பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் இந்தக் கொட்டகையில்தான்.

மாமனார் மாதையனுக்குச் சர்க்கரை. இந்தப் பக்கத்தில் நோய் என்ற வார்த்தையை யாரும் மெனக்கெட்டுச் சேர்ப்பதில்லை. "அவருக்கு சக்கரை கீது" என்றால் போதும், சம்பந்தி வீட்டுக் காப்பியில் சக்கரை இருக்காது. கோடையில் புளி உலுக்கப் போன இடத்தில் வலதுகால் பெருவிரலில் ஒரு முள் ஏறியது. மழைக்காலமே வந்துவிட்டது, புண் ஆறவில்லை. நர்ஸம்மா கட்டுப்போட்டுவிட்டுக் கறாராகச் சொல்லி அனுப்பினாள்: இனிப்பைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான்.

கதையில் பணயம் வைத்திருப்பது எது என்று கடைசிவரை மறைத்து விளையாடும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. அந்த விரல்தான். தினமும் காலையில் அதை வெந்நீரில் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றுபவள் அன்பரசி. கழுவும்போதெல்லாம் அவளுக்குப் பயமாக இருக்கும். நேற்றைவிட இன்றைக்குக் கருத்திருக்கிறதோ என்று குனிந்து பார்ப்பாள்.

அந்தச் சந்தை நாள் காலையில் அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பின்னால் மாதையன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா வாயில?"

"ஒண்ணுல்ல."

"ஒண்ணுல்லாததுக்கா கன்னம் இப்டி உப்பிக்கினு கீது?"

மாதையன் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதை அவளும் பார்த்தாள். பிறகு, மாட்டிக்கொண்டவர் தலையைக் குனிவார் என்றுதானே நினைப்பீர்கள், அவர் பாக்கெட்டைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

"சர்க்... கரைக்கு... நல்லது. எனுக்கு இன்னா கீது? சக்கரை. சக்கரைக்கு இன்னா நல்லது? இது. நீயே ஒட்டி வெச்சிட்டு நீயே கேக்கறியேம்மா, ஞாயமா?"

"அது வெளிய விக்கறதுக்கு மாமா."

"ஏன், வெளிய கீறவன் சக்கரை வேற, என் சக்கரை வேறயா?"

பாக்கெட் சொல்வது மெய் என்றால் அவர் கையிலிருந்து பிடுங்க அவளுக்கு உரிமை இல்லை. பொய் என்றால் எந்த மூஞ்சியோடு அதைத் தினமும் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கோபம் வந்தது.

"கால்ல புண்ண வெச்சிகினு ஞாயம் பேசறீங்களா? அத்தக் குட்த்துடுங்க!" என்று பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் கையில் இருந்த பாதியை விட்டுவிட்டாள். அது உள்ளே போய்விட்டது.

4

இங்கே கோகுலகிருஷ்ணனை அறிமுகப்படுத்த வேண்டும். எனக்கு அவன்மேல் சந்தேகம் இருக்கிறது, ஆளாக அல்ல, பாத்திரமாக.

முதல் பிரதியில் அவனுக்குத் தடித்த சங்கிலி, கருப்புக் கண்ணாடி, கொஞ்சம் தொப்பை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஏமாற்றுக்காரன் என்றால் அப்படித்தானே வருவான்? ஆனால் அவன் அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்கூட்டரில் வந்து நின்றான். நல்ல பையன். விவசாயக் குடும்பம், அப்பா காலத்தில் ரோட்டோரம் ஒரு மிட்டாய்க்கடை. கொட்டகைக்கு வந்தால் பெண்களோடு உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுவான். சாயங்காலமானால் வீட்டுக்குப் போன் போட்டு, "மாத்திரை போட்டியாம்மா? மெய்யாலுமே போட்டியா?" என்று இரண்டு முறை கேட்பான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லன் வேலை வாங்குவது?

அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. லேபிளில் பொய் எழுதக்கூடாது.

எண்ணெய் நீக்கப்பட்டது: மெய்தான். பொரித்த அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அமுக்கினால் எண்ணெய் சொட்டும். தாத்தா காலத்திலிருந்து எல்லா வீட்டிலும் நீக்குகிறார்கள், எழுதிப் போட்டுக்கொள்ளத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளைச் சர்க்கரை இல்லை: மெய்தான். அரிசி அதிரசத்தில் எவ்வளவு வெல்லமோ அவ்வளவு வெல்லம் இதிலும் உண்டு, வெல்லம் வெள்ளையாக இல்லை. நார்ச்சத்து: சாமையில் இருக்கிறது, பாவம், எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கிறது.*

ஸ்டிக்கரின் நடுவில் பெரிய எழுத்தில் அவன் முதலில் போட நினைத்தது 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்பதைத்தான். அச்சுக்குக் கொடுக்கிற நேரத்தில் பயம் வந்துவிட்டது.

"நோய்னு போட்டா மருந்து கணக்கா ஆயிடும்க்கா. ஆபீசருங்க வந்து இன்னா ஏதுன்னு கேப்பாங்க. நோயை எடுத்துடலாம்."

எடுத்துவிட்டான். இவ்வளவு சுலபமாக நோயை எடுத்த ஆளை நான் கண்டதில்லை. ஏற்றது என்பதும் ஏதோ போலிருக்கிறது என்று அதையும் மாற்றினான். மிஞ்சியது: சர்க்கரைக்கு நல்லது.

அன்பரசி அன்றைக்கே கேட்டாள். "சக்கரைக்கு நல்லதுன்னா, இத்த துன்னா சக்கரை நல்லா வளரும்னு அர்த்தம் வராதுங்களா தம்பி?"

கோகுலகிருஷ்ணன் கொஞ்சம் யோசித்தான். முகம் மலர்ந்தது. "அப்டியும் வரும்க்கா! அப்போ எப்டி பாத்தாலும் பொய் இல்ல பாருங்க."

----
* பத்திரிகை ஆசிரியர் இங்கே பேசினார். "நார்ச்சத்தைப் பத்தி இன்னும் ரெண்டு பாரா சேருங்க சார், நம்ம இதழுக்கு எடுப்பா இருக்கும்." சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நார்ச்சத்து. நார்ச்சத்து. சேர்த்தாயிற்று.

5

இப்போது கதையை முறுக்க வேண்டும்.

சென்னையில் உடற்பயிற்சிக்கூடங்களுக்குத் தின்பண்டம் அனுப்பும் ஒரு கம்பெனிக்குக் காட்டுப்பசி அதிரசம் பிடித்துப்போயிற்று. எடை தூக்குகிறவர்கள் தூக்கி முடித்ததும் தின்பதற்கு. பெரிய ஆர்டர். அது மட்டும் நிலைத்துவிட்டால் அன்பரசியின் குழுவில் ஒரு பெண்ணும் அடுத்த வருஷம் பிள்ளைகளை விட்டுவிட்டு எஸ்டேட் வேலைக்கு மலை இறங்க வேண்டியதில்லை. அந்தச் சேதி வந்த அன்றைக்குக் கொட்டகையில் ஒரே கும்மாளம். அன்பரசி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி ஒன்றே ஒன்று கேட்டது. ஒரு வீடியோ. மலையிலேயே பிறந்து வளர்ந்த, சர்க்கரை இருக்கிற ஒரு பெரியவர் இதைத் தின்கிற மாதிரி.

"நம்ம மாமா கீறாரே!" என்றான் கோகுலகிருஷ்ணன். அன்பரசியின் சிரிப்பு நின்றது.

"அவருக்குக் கால்ல புண்ணு கீது தம்பி."

"ஒரே ஒரு கடிக்கா. கடிச்சிட்டு துப்பிடலாம். காலு வீடியோல வராது."

(இங்கே அன்பரசி, முடியாது என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நானும் சொல்லவைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை. குழுப் பெண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?)

மாதையனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்தார். போய்க் குளித்துவிட்டு, மோகன் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

6

கம்பெனியிலிருந்து வந்த பெண் ஷோபனா. கெட்டிக்காரி. கொட்டகை வாசலில் பாயை விரித்து, மாதையனை உட்காரவைத்து, செல்போனை முக்காலியில் நிறுத்தினாள். கட்டுப்போட்ட கால் தெரிந்தது. கோகுலகிருஷ்ணன் ஓடிப்போய் ஒரு சாமை மூட்டையை இழுத்துவந்து காலுக்கு முன்னால் வைத்தான். அன்பரசி தட்டு நிறைய அதிரசத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"தாத்தா, கேமராவைப் பாத்து, எனக்கு சர்க்கரை இருக்கு, நான் தினமும் இதைத்தான் சாப்பிடுறேன்னு சொல்லிட்டு ஒரு கடி கடிங்க. அவ்வளவுதான்."

"இவ்ளோதானா? தோ."

முதல் தடவை மாதையன் கடித்துவிட்டுப் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. அடுத்த தடவை, "நான் தினமும் சக்கரை, எனுக்கு இதான் கீது" என்றார். அதற்கடுத்து எல்லாம் சரியாக வந்து, கடைசியில் தும்மிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கடித்ததை வைத்துப் படம் எடுக்க முடியாதே, புதுசாக ஒரு முழு அதிரசம் கொடுக்க வேண்டும். கடித்ததைக் கீழே போடுவானேன் என்று அவரே முடித்துவைத்தார். துப்புகிற பேச்சே எழவில்லை.

"மறந்து மறந்து போவுதும்மா. வயசாயிட்ச்சி பாரு. இன்னொருக்கா எடு."

ஊர்ப் பஞ்சாயத்தில் மூச்சு விடாமல் பேசி மூன்று தலைமுறை வழக்கைத் தேதியோடு சொல்கிற மனுஷன். அன்பரசிக்குத் தெரியாதா? தட்டில் அதிரசம் குறையக் குறைய அவளுக்கு மூட்டைக்குப் பின்னால் இருக்கும் விரல்தான் கண்ணுக்குள் வந்தது. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தவும் முடியவில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த அதிரசங்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வந்து கோகுலகிருஷ்ணனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க தம்பி, உங்கம்மாவுக்கு எட்த்துனு போங்க. சூடா கீது."

செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த கோகுலகிருஷ்ணன் திரும்பாமலே கையை உதறினான். "அம்மாவுக்கா? அய்யய்யோ, வாணாம்க்கா! அவங்களுக்கு சக்—"

வாசகரே, இந்தக் கதையில் நிறைய வாக்கியங்களை நானே பாதியில் விட்டிருக்கிறேன். இது ஒன்றுதான் தானாக நின்றது.

கொட்டகைக்குள் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஷோபனாவின் செல்போனில் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டே இருந்தது.

"உங்கம்மாவுக்குன்னா வாணாம், எங்க மாமாவுக்குக் கீறது மட்டும் விரலு இல்லீங்களா தம்பி?" என்றாள் அன்பரசி. குரல் உடைந்துவிட்டது. குனிந்து அந்த மூட்டையைப் பிடித்து இழுத்தாள். கட்டுத்துணியும் அதில் ஊறியிருந்த மஞ்சள் கறையும் வெளியே தெரிந்தன. "இத்தயும் சேத்து எடும்மா. பாக்கறவங்க பாக்கட்டும்."

வேண்டுமென்றே கவரை நீட்டினாளா, விருந்தாளிக்குக் கொடுக்கிற பழக்கத்தில் நீட்டினாளா என்று கேட்டு எழுதாதீர்கள். எழுதிய எனக்கே தெரியவில்லை. அவளைக் கேட்டேன். "சூடா இருந்திச்சி, குட்த்தேன்" என்றாள்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். கையில் சில முடிவுகள் இருக்கின்றன. பிரித்துக் காட்டுகிறேன், தொட்டுப் பாருங்கள்.

முதலாவது: மாதையன் பாதி அதிரசத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கு எல்லாம் தெரியும்மா. நீ எப்ப மெய்யைச் சொல்லுவேன்னு பாக்கத்தான் இவ்வளவும்—"

அடித்துவிட்டேன். இப்படி எழுதினால் அவருக்குப் பெருமை, எனக்கும் பெருமை. ஆனால் அவர் தின்றது ருசிக்காக. வேறு ஒன்றுக்காகவும் இல்லை. என்ன ருசி தெரியுமா? நான் தின்றிருக்கிறேன்.

இரண்டாவது: ஆஸ்பத்திரி. வெள்ளைத் துணி. விரல் போய்விட்டது. அன்பரசி கதறுகிறாள். வாசகர் உடனே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார். சிறப்பிதழ் ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு நல்லது செய்வதற்காக ஒரு மனுஷன் விரலை நான் ஏன் வெட்ட வேண்டும்? மாட்டேன்.

மூன்றாவது: கம்பெனி அன்பரசியின் நேர்மையை மெச்சி ஆர்டரை இரண்டு மடங்காக்குகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். இது சுத்த வெள்ளைச் சர்க்கரை. என் பாக்கெட்டில் அறவே இல்லை என்று போட்டிருக்கிறேன்.

8

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாதையன் கையில் இருந்த பாதியைத் தட்டில் வைத்தார். ஞானம் வந்து அல்ல, மருமகள் அழுவதைப் பார்த்து. ஷோபனா செல்போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அழித்தாளா இல்லையா தெரியாது. "பெட்டிங்களை பஸ்ஸுல ஏத்திவிடுங்கக்கா, கம்பெனியில கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப்போனாள். கோகுலகிருஷ்ணன் அந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

அன்பரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பாக்கெட்டை எடுத்து, ஸ்டிக்கரைத் தண்ணீர் தொட்டு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். நல்ல பசை. முழுசாக வரவில்லை. 'சர்க்கரை' மட்டும் சுருண்டு கையோடு வந்தது. மிச்சம் ஒட்டிக்கொண்டே நின்றது:

______க்கு நல்லது

அவள் அடுத்த பாக்கெட்டை எடுத்தாள். உள்ளேயிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதிலும் சர்க்கரை போயிற்று, மிச்சம் நின்றது. எல்லாவற்றிலும் அப்படியே.

"இத்த இப்டியே அனுப்பிச்சா, யாருக்கு நல்லதுன்னு கேப்பாங்களேக்கா" என்றான் கோகுலகிருஷ்ணன், பலவீனமாக.

"கேக்கட்டும்" என்றாள் அன்பரசி.

அவன் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவனும் சுரண்டினான்.

சாயங்கால பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தது. பெட்டிகள் ரோட்டோரம் அடுக்கியாயிற்று. அவை பஸ்ஸில் ஏறினவா, கம்பெனி எடுத்துக்கொண்டதா, பெண்கள் மலை இறங்கினார்களா என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கதைமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டேன். அந்தக் கோட்டில் என்ன எழுதுவது என்பது இனி உங்கள் பாடு. நாக்கு, கண்ணமங்கலம், சிறப்பிதழ், எதை வேண்டுமானாலும் போடுங்கள். மாதையன் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

விரல் இன்னும் இருக்கிறது. கதை முடிகிறவரைக்கும் அதற்கு நான் பொறுப்பு என்று எண்ணியிருந்தேன், காப்பாற்றிவிட்டேன். இந்த வரியோடு பொறுப்பு உங்களுக்கு மாறுகிறது. அன்பரசியும் மற்றவர்களும் ரோட்டோரம் பெட்டிகளோடு நிற்கிறார்கள். கொட்டகை வாசலில் வேறு யாரும் இல்லை. பாயில் மாதையன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் தட்டு, தட்டில் அந்தப் பாதி. அவர் உங்களைத்தான் ஓரக்கண்ணால் பார்க்கிறார். பேனாவை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதலில் தட்டை எடுத்து மேலே வையுங்கள்.